மெலித்தா தீவுக்கு ஒரே ஒரு டிக்கெட்

"அடுத்த அறிவிப்பு. வருகிற மே மாதம் நம் சபையிலிருந்து மெலித்தா தீவுக்குப் பரிசுத்த யாத்திரை புறப்படுகிறது. பவுல் அப்போஸ்தலர் கப்பல் உடைந்து கரையேறின தீவு. இதுவரை பதினாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். யாத்திரையின் பொறுப்பாளர், நம் சகோதரி ஷீபா ஞானதுரை."

போடி ஆலயத்தின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷீபாவுக்குப் போதகர் வாசித்தது தன் பெயர் என்று முதலில் உறைக்கவே இல்லை. யாரோ ஒருத்தி... பாவம், நன்றாக மாட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் ஐக்கியத் தலைவி ஞானபாக்கியம் அம்மாள் அவள் தொடையில் ஒரு தட்டு தட்டினார்.

"ஏத்தா, கமுக்கமா எம்புட்டுப் பெரிய காரியம் பண்ணியிருக்க. எனக்கு ஜன்னல் சீட்டு போட்டுரு. மாத்திரை டப்பாவ உன் பையிலதான் வைப்பேன்."

அப்போதுதான் அந்தப் பாவம் தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

மெலித்தா என்றால் மால்டா. பழைய பெயர், புதுப் பெயர்... தீவு ஒன்றுதான். மத்தியதரைக் கடலில் இருக்கும் அந்தத் தீவைப் பற்றி இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் ஷீபா வாய் திறந்திருந்தாள். அவன் முகம் இப்போது கண் முன்னால் வந்து நின்றது. சுருள் முடி, பாதி மடித்த சட்டைக் கை, எப்போதும் சிரிக்கத் தயாராக இருக்கும் இரண்டு கண்கள்...

எபனேசர். இருடா, உனக்கு இருக்கு.

முன் பெஞ்சில் அவள் அப்பா ஞானதுரை திரும்பிப் பார்த்துப் பெருமையாகத் தலையை ஆட்டினார். ஏலக்காய் நல்ல விலைக்குப் போகிற நாளில்கூட அவர் முகம் இவ்வளவு மலர்ந்து அவள் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

பத்து நாளைக்கு முன்னால்தான் அது நடந்தது.

அப்பாவின் ஏலக்காய் மண்டித் தராசுக்கு அரசு முத்திரை வாங்கத் தேனிக்குப் போயிருந்தாள் ஷீபா. திரும்பும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சொல்லாமல் கொள்ளாமல் மேற்கு மலையிலிருந்து இறங்கி, நேரு சிலைப் பக்கம் வெயில் இருக்கும்போதே இங்கே கொட்டித் தீர்க்கிற மழை... சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி ஒரு டிராவல்ஸ் ஆபீஸின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினாள். கண்ணாடிக் கதவைத் திறந்து ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"மழைக்கு ஒதுங்குனீகளா, டூர் விசாரிக்க வந்தீகளா?"

"மழைக்குத்தான்."

"அப்ப உள்ள வாங்க, டீ உண்டு. டூர் விசாரிக்கிறவுகளுக்குத்தான் கெடையாது. டீயக் குடிச்சுட்டு மதுரையில போயி புக் பண்ணிருவாக."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. உள்ளே போய் உட்கார்ந்தாள். டீ கிளாஸை அவள் கையில் கொடுத்தவன் லேசாக மூக்கை உறிஞ்சினான்.

"போடியா? ஏலக்கா வாசம் வருது."

"மூக்கு ரொம்ப நீளம் போல."

"மூக்குதான் நீளம். வாய் அதவிட நீளம்னு எங்கம்மா சொல்லுவாக."

கண்ணாடியில் வழிந்த மழைத் தண்ணீரின் நிழல் அவன் முகத்தில் ஓடியது... அந்தக் கண்கள் மட்டும் அசையாமல் அவளையே பார்த்தன. அவள் சட்டென்று பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அங்கே ஒரு காலண்டர் தொங்கியது. வெள்ளை மணல். நீலக் கடல். இரண்டு சாய்வு நாற்காலிகள். இரண்டிலும் யாரும் இல்லை.

யாருமே இல்லை... அதுதான் அவளை இழுத்தது.

ஷீபாவுக்கு முப்பத்தொரு வயது. அம்மா தவறியபோது மதுரையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அப்பாவின் ஏலக்காய் மண்டிக்கு வந்தவள். வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஷீபா, சலிச்சாச்சா பாரு. ஷீபா, என் சர்க்கரை மாத்திரை எங்கன? ஷீபா, ஞாயிறு பள்ளிக்கு நாடகம் எழுதிக் குடு. ஷீபா, ஐக்கியக் கூட்டத்துக்கு வடை சொல்லிரு. பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரைக்கும் போடி நகரத்தில் யாருக்கு எது காணாமல் போனாலும் கூப்பிடப்படுகிற பெயர் அது ஒன்றுதான். போன சித்திரையில் ஒரு மாம்பழத்தை நிம்மதியாகத் தின்ன வேண்டும் என்று குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். இரண்டு கடி கடிப்பதற்குள் அங்கேயும் குரல் வந்துவிட்டது. மிச்ச மாம்பழத்தைப் பார்த்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது.

ஒரு வாரம். ஏழே நாள். யாரும் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத ஏதாவது ஓர் இடத்தில் மல்லாந்து கிடக்க வேண்டும். இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

"அது எங்கன இருக்கு?" காலண்டரைக் காட்டிக் கேட்டாள்.

"மால்டாங்க. தீவு."

"மே மாசம் போகலாமா? அப்பத்தான் மண்டியில வேல கொறையும். ஏழு நாள். கடல் பக்கத்துல ரூம். ஒரே ஒரு டிக்கெட்."

அவன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். பிறகு ஏதோ புரிந்தவன்போல மரியாதையாகத் தலையசைத்து எழுதிக்கொண்டான். போனில் சார்ஜ் இல்லாததால் மண்டியின் விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் கார்டில் இருந்தது அப்பாவின் நம்பர்.

ஆலயத்தில் அந்த அறிவிப்பு வந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் ஏறித் தேனியில் இறங்கினாள் ஷீபா. அன்றைக்கு மழை இல்லை. இருந்திருந்தாலும் அவள்மேல் பட்டதும் ஆவியாகிப் போயிருக்கும்.

"வாங்க, வாங்க. பதினெட்டு பேராயிட்டாக தெரியுமா? காலையில ரெண்டு பேரு..." என்று எழுந்தான் எபனேசர்.

"எங்க அப்பாகிட்டப் பேசச் சொல்லி உங்கள யாரு கேட்டது?"

"கார்டுல இருந்த நம்பருக்கு அடிச்சேன். ஐயா எடுத்தாக. உங்க மக மெலித்தா யாத்திரை கேட்டிருக்காக, தனியாப் போனா செலவு கூட, கூட்டமாப் போனா சல்லிசா இருக்கும்னு சொன்னேன். ஐயாவுக்கு ஒரே சந்தோசம். அப்பவே பாஸ்டருக்குப் போன் போட்டாக. சபையில அறிவிக்கிற வரைக்கும் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னும் சொன்னாக."

"யாத்திரைன்னு நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லல. ஆனா..." அவன் தலையைச் சொறிந்தான். "ஆறு வருசமா இங்கன டூர் நடத்துறேன். சின்னமனூர், கம்பம், தேவாரம், அம்புட்டு ஊர் சபையும் நம்ம பஸ்லதான் ஏறுது. போடியில இருந்து ஷீபா ஞானதுரைன்னு ஒருத்தவுக வந்து பவுல் கரையேறுன தீவக் கேட்டா வேற என்னத்தன்னு நெனைக்கிறது? தொணைக்கு ஆள் கெடைக்கல போலன்னு நெனச்சேன். நாம சேத்து விடுவோமேன்னு..."

உதவி. இந்த ஊரில் யாரையாவது கொலை செய்யப் போகிறவர்கள்கூட முதலில் உதவி என்றுதான் ஆரம்பிப்பார்கள் போலிருக்கிறது.

அவன் நீட்டிய பயணத் திட்டத்தை வாங்கிப் படித்தாள். காலை நாலரை மணிக்கு எல்லாரையும் எழுப்ப விசில். ஐந்துக்கு ஜெபம். ஆறுக்குப் பொங்கல்... சமையல்காரர் கூடவே வருகிறார். அப்புறம் ஆலயம், குகை, இன்னோர் ஆலயம், மதியம் புளியோதரை, அதற்கப்புறம் வேறோர் ஆலயம். ஏழு நாளும் அப்படியேதான் இருந்தது. பொறுப்பாளர் தினமும் மூன்று வேளை ஆட்களை எண்ண வேண்டும் என்று கீழே தனியாக எழுதிக் கோடு போட்டிருந்தது.

"கடல் எங்க?"

"இருக்கே. அஞ்சாவது நாள் சாயங்காலம். பதினஞ்சு நிமிசம். குரூப் போட்டோவும் அங்கனதான்."

"எனக்குக் கடற்கரையில படுத்துக்கெடக்கணும்."

"படுத்துக்கெடந்து?"

"ஒண்ணும் பண்ணாமக் கெடக்கணும்."

"எம்புட்டு நேரம்?"

"ஏழு நாள்."

எபனேசரின் முகத்தில் உண்மையான கவலை வந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டான். "ஒடம்புக்கு எதும் முடியலயா?"

அதுதான் அவளைப் பொங்க வைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பொம்பளை பகலில் படுக்க வேண்டும் என்றால் காய்ச்சல் நூற்றிரண்டாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் படுத்தால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

"எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசு அலுத்துப் போச்சு."

"படுக்குறதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமா? நம்ம வைகை டேம்லகூட..."

"வைகை டேம்ல படுத்தா அரை மணி நேரத்துல எங்க அப்பாவுக்குப் போன் வரும், உங்க மக இங்கன படுத்துக்கெடக்கான்னு. அது ஒரு தீவா இருக்கணும். சுத்திக் கடல் இருக்கணும். என்னையத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் அங்கன இருக்கக் கூடாது. அதத்தான் ஒங்ககிட்டக் கேட்டேன். நீங்க போடியவே தூக்கி எனக்கு முன்னாடி அங்கன கொண்டுபோயி வைக்கிறீக."

சொல்லி முடித்தபோது அவள் குரல் நடுங்கியது. அது கோபம்தான் என்று அவள் நம்பினாள்... கண் மட்டும் ஏனோ கலங்கியது. எப்போதும் சிரிக்கத் தயாராக இருக்கும் அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை.

"தப்பு என்னுது. நானே சரி பண்ணுறேன்" என்றான்.

அவன் சரி பண்ணிய லட்சணத்தை என்னவென்று சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போடி ஆலயத்துக்கே வந்துவிட்டான். அறிவிப்புகள் முடிந்ததும் போதகரிடம் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தான். ஷீபா வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அந்த நீள வாய் கண்ணையெல்லாம் எங்கே கவனிக்கப் போகிறது?

"சபையாருக்கு ஸ்தோத்திரம். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஞானதுரை ஐயா மக எங்கிட்ட யாத்திரை கேக்கல. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன். அவுக ரொம்பக் களைச்சுப் போயிருக்காக. அந்தத் தீவுல கடற்கரையில ஏழு நாள் சும்மா படுத்துக்கெடக்கணும்னுதான் கேட்டாக. அதனால பொறுப்பாளர் வேற ஆளப் பாக்கணும்."

பிறகு பின் வரிசையில் ஒரு குரல், "படுத்துக்கெடக்கவா?" என்றது. அந்தக் கேள்வி பெஞ்ச் பெஞ்சாகத் தாண்டி முன்னால் வந்தது. ஞானபாக்கியம் அம்மாள் ஷீபாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முன் பெஞ்சில் அப்பா திரும்பவே இல்லை. அவருடைய பிடரி மட்டும் சிவந்திருந்தது.

ஆராதனை முடிவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டாள் ஷீபா. பின்னாலேயே அவனும் வந்தான். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஆலய வாசலில் வரிசையாக நின்ற பைக்குகளுக்கு நடுவில் அவள் திரும்பி நின்றாள்.

"சரி பண்ணச் சொன்னேன். ஊருக்கே தமுக்கடிக்கவா சொன்னேன்?"

"நான் பொய் சொல்லலயே."

"உண்மையச் சொல்லிட்டா போதுமா? அது என் உண்மை. அத எப்ப, யாருகிட்டச் சொல்லணும்னு எனக்குத் தெரியாதா? மொதல்ல என்னையக் கேக்காமப் பொறுப்பாளராக்குனீக. இப்ப என்னையக் கேக்காமச் சோம்பேறி ஆக்கிட்டீக."

அவன் முடியிலிருந்து தண்ணீர் சொட்டி இமையில் நின்றது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றான். அப்படி நிற்கும்போது அந்தக் கண்கள் எவ்வளவு... சே, இந்த நேரத்தில் இது என்ன யோசனை.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு என்ன வேணும்னு" என்றாள்.

"கேட்டிருக்கணும்" என்றான் மெதுவாக. "கேக்காம விட்டதுதான் ராத்திரியெல்லாம் உறுத்துச்சு."

"எனக்கு டிக்கெட்டே வேண்டாம். கேன்சல் பண்ணிருங்க. இனிமே எனக்கு எந்த உதவியும் செய்யாதீக."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெருமுனை திரும்பியபோதுதான், தன் ஏழு நாளைத் தானே கிழித்துப் போட்டுவிட்டு வருகிறோம் என்பது உறைத்தது. அதற்கும் சேர்த்து அவனைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டில் அவள் ரசம் ஊற்றும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"கடல்ல போயிப் படுக்குற அளவுக்கு இந்த வீட்டுல ஒனக்கு என்னத்தா கொறை?"

"கொறை ஒண்ணுமில்லப்பா. களைப்பு."

"நான் ஒரு நாளாச்சும் ஒன்னைய இந்த வேலையச் செய்யின்னு சொல்லியிருக்கேனா?"

அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொன்னதில்லப்பா. கூப்பிட்டீக. காலையில இருந்து எத்தன தடவ கூப்பிட்டீகன்னு தெரியுமா? கண்ணாடிக்கு ஒரு தடவ. செருப்புக்கு ஒரு தடவ. பேப்பர்ல ஒரு சேதிய வாசிச்சுக் காட்ட ஒரு தடவ. நீங்க, மண்டி, சபை... எல்லாரும் கூப்பிடுறீக. ஒன்பது வருசமா நான் ஓடி ஓடி வாரேன். ஒரு ஆளாவது, ஷீபா, ஒனக்கு என்ன வேணும்னு கேக்கக் கூப்பிட்டிருக்கீகளா? களைச்சுப் போச்சுன்னு சொல்லக்கூட எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அத எவனோ ஒருத்தன் மைக்குல சொல்லிட்டான். சொல்லட்டும். நெசந்தான. நான் களைச்சுத்தான் போயிட்டேன்."

ஞானதுரை மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஷீபா, தண்ணி..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். எழுந்து போய்ச் சமையலறையில் பானையைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு செம்பு மொண்டு குடித்தார். இன்னொரு செம்பு மொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார்.

"போயிட்டு வாத்தா" என்றார். "ஏழு நாள் பத்தாதுன்னா பத்து நாள் இருந்துட்டு வா."

"சபைக்காரக?"

"ஞானபாக்கியம் இருக்குல்ல. பதினெட்டு பேரையும் அது மேய்ச்சுக்கிரும்."

அப்பா சம்மதித்தாயிற்று. ஊரும் நாலு நாள் பேசிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டது. ஆனால் டிக்கெட்? அதைத்தான் மகாராணி மழையில் நின்று வீராப்பாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாளே.

ஒரு போன் செய்தால் போதும். அவள் செய்யவில்லை. அவன் செய்யட்டும் என்று இருந்தாள். கூப்பிட்டால் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு, பிறகு பெரிய மனசு பண்ணிச் சரி என்று சொல்லலாம் என்று அந்த நாலு வார்த்தையையும்கூட யோசித்து வைத்திருந்தாள். திங்கள் போனது. வியாழன் போனது. மண்டியில் போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. யாரோ சாக்கு விலை கேட்டார்கள். யாரோ ராங் நம்பர்.

வேண்டாம் என்று சொன்னால் அப்படியே விட்டுவிடுவதா? கேட்காதபோது அத்தனை உதவி செய்தவன், இப்போது ஒரே ஒரு போன் செய்யக் கூடாதா? என்ன ஆண்பிள்ளை இவன்... யோசிக்க யோசிக்கக் கோபம் ஏறியது. கோபம் ஏற ஏற அந்தச் சொட்டச் சொட்ட நனைந்த முகம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பன்னிரண்டாவது நாள் ஷீபா பொறுமையை முழுவதும் இழந்துவிட்டுத் தேனி பஸ்ஸில் ஏறினாள்.

பழனிசெட்டிபட்டி தாண்டும்போதே மழை பிடித்துவிட்டது. நனைந்துகொண்டே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எபனேசர் தலையைத் தூக்கிப் பார்த்தான். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"மழைக்கு ஒதுங்குனீகளா?"

"இல்ல. சண்டை போட வந்தேன். கேன்சல் பண்ணிட்டீகளா?"

"இல்லங்க."

"வேண்டாம்னு சொன்னேன்ல?"

"கோவத்துல சொன்னீக. கோவத்துல சொல்லுறத நாங்க ஒரு மாசம் கேன்சல் பண்ணாம வச்சிருப்போம். ஆபீஸ் ரூல்."

"அப்படி ஒரு ரூலா?"

"அன்னிக்குச் சாயங்காலந்தான் போட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

"மால்டாவுக்குப் பக்கத்துலயே சின்னதா இன்னொரு தீவு இருக்கு. கோசோன்னு பேரு. படகுல அரை மணி நேரம். உங்களுக்கு ரூம் அங்கன. ஜன்னலத் தொறந்தா கடலு. சபைக்காரக எல்லாரும் பெரிய தீவுல. பொறுப்பாளரா நானே போறேன். ஞானபாக்கியம் அம்மா மாத்திரை டப்பா என் பையில. போற தேதியக்கூட ரெண்டு நாள் தள்ளிப் போட்டிருக்கேன். ஏர்போர்ட்லகூட ஒருத்தரையும் நீங்க பாக்க வேண்டியதில்ல. விசாவுக்குக் கைரேகை மட்டும் சென்னையில போயி வைக்கணும். உங்களுக்கு இதுல எதாச்சும் மாத்தணும்னா சொல்லுங்க. இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் செய்வேன்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் பார்த்தாள். ஏழு நாளுக்கு ஏழு வரி. தேதியைத் தவிர ஒரு வரியிலும் ஒன்றும் எழுதவில்லை. விசில் இல்லை, புளியோதரை இல்லை. இப்படி ஒரு அழகான தாளை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"ஒண்ணுமே எழுதலயே" என்றாள்.

"எனக்கு எழுத வரலங்க. நானும் ஜெருசலேமுக்கு நாலு தடவ போயிட்டேன். என்ன இருந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா சொல்லத் தெரியாது. தலைய எண்ணிக்கிட்டே இருந்திருக்கேன். நீங்க அன்னிக்கு ஒண்ணும் பண்ணாமக் கெடக்கணும்னு சொன்னீகல்ல... சிரிப்பாத்தான் இருந்துச்சு. வீட்டுக்குப் போயி யோசிச்சுப் பாத்தா எனக்கு அழுகை வந்துருச்சு."

மழை தகரத்தில் ஓங்கி அடித்தது.

"அந்த ஏழு நாளும் எங்க ஆளுக ஒருத்தர்கூட அந்தத் தீவுப் பக்கம் வர மாட்டாக. நான் பாத்துக்கிறேன்" என்றான் அவன். "நானும் வர மாட்டேன். போன்கூடப் பண்ண மாட்டேன். நிம்மதியா இருங்க."

நியாயமாகப் பார்த்தால் அவள் குளிர்ந்துபோயிருக்க வேண்டும். அவள் கேட்டதும் அதைத்தானே. ஆனால் உச்சி முதல் உள்ளங்கால் வரை சுர்ரென்று ஏறியது பாருங்கள் ஒரு கோபம்... இதுவரை வந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"வர மாட்டீகளா?"

"மாட்டேன். சத்தியமா."

"அரை மணி நேரப் படகு. அங்கன வரைக்கும் வந்துட்டு, ஒரு நாள்கூட எட்டிப் பாக்க மாட்டீகளா?"

எபனேசர் விழித்தான். "தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதான..."

"அது அப்ப சொன்னது. பன்னெண்டு நாளா ஒரு போன் கெடையாது. இப்ப ஏழு நாளும் கெடையாதாம். என்னையப் பத்தி என்னதான் நெனச்சுக்கிட்டிருக்கீக?"

அவன் அவளையே பார்த்தான். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன நெனச்சேன்னு சொன்னா இன்னும் கோவப்படுவீக."

"கோவத்துலதான் இருக்கேன். சொல்லுங்க."

"உங்களுக்கு யாருமே கூப்பிடாத ஒரு எடம் வேணும்னு கேட்டீக. தேடிக் கண்டுபுடிச்சுட்டேன். ஆனா அந்த ஏழு நாள நான் எப்படிக் கழிக்கப்போறேன்னுதான் எனக்குத் தெரியல. இந்தப் பன்னெண்டு நாளே பெரும்பாடாப் போச்சு. போன எடுப்பேன்... உதவி செய்யாதீகன்னு சொன்னது ஞாபகம் வரும்... வச்சிருவேன். உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க. அன்னிக்குச் சேலைத் தலைப்பப் பிழிஞ்சுக்கிட்டு மூக்கு நீளம்னு சொன்னீகல்ல, அப்ப இருந்தே."

ஷீபாவுக்குக் காது மடல் சூடானது. யோசித்து வைத்திருந்த அந்த நாலு வார்த்தையும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

"இத மைக்குல சொல்லியிருக்க வேண்டியதான?" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

"உங்களக் கேக்காம எதையும் சொல்லுறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

"எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு." சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணில் இன்னமும் கோபம் இருந்தது, தண்ணீரும் இருந்தது. "ஆனா எனக்குப் பயமா இருக்கு. எல்லாரும் என்னைய எதாச்சும் வேலைக்குத்தான் கூப்பிடுறாக. நாளைக்கு நீங்களும் பை எங்கன, சட்டை எங்கன, தலைய எண்ணிட்டயான்னு கூப்பிடுவீக. அதுக்கு ஒரு தீவு தேடி நான் எங்க போவேன்?"

எபனேசர் மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்து, ஒரு முழம் தள்ளியே நின்றான். இத்தனை சண்டையிலும் அவன் ஒரு தடவைகூட அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"ஷீபா" என்றான்.

ஒன்பது வருஷப் பழக்கம்... பாதி எழுந்துவிட்டாள். "என்ன? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். உக்காருங்க. சும்மாதான் கூப்பிட்டேன்."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவன் முகத்தைப் பார்க்காமலே, "இன்னொரு தடவ கூப்பிடுங்க" என்றாள்.